அடுப்பிற்கேற்ற வாயுக் குழாய்

இடம் குறுகிய மட்டாஞ்சேரி வீடுகளில் சிலிண்டரைத் தொலைவில் வைத்து, நீண்ட ரப்பர்க் குழாயால் அடுப்புடன் இணைக்கும் எண்ணம் எழுவது இயல்பு. அது அபாயகரமானது. ரெகுலேட்டரிலிருந்து வரும் வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 30 மில்லிபார் மட்டுமே. குழாயின் நீளம் இருமடங்கானால் அழுத்த இழப்பும் இருமடங்காகும். அதே அளவு வாயு செல்லும்போது உள்விட்டம் பாதியானாலோ இழப்பு 16 மடங்கிற்குக் குறையாது. அழுத்தம் குன்றிச் சுடர் அணைந்தால், எரியாத வாயு வெளிப்பட்டுத் தரையில் தேங்கும். ஆகவே குழாய் 1.5 மீட்டருக்கு மேற்படலாகாது. எல்லாப் பர்னர்களும் ஒருங்கே எரிவதைக் கணக்கிட்டே உள்விட்டத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

கொச்சியை அடுத்த களமசேரியில் 2016-ஆம் ஆண்டில் வீடுகளுக்குக் குழாய்வழி இயற்கை வாயு வந்தது. அதன் அழுத்தம் சுமார் 21 மில்லிபார். ஒரு கன மீட்டர் தரும் வெப்பமோ சிலிண்டர் வாயுவினதில் பாதிக்கும் குறைவு. எனவே பழைய குழாயும் பர்னர்த் துளையும் அப்படியே பொருந்தா.

மூட்டுகளைச் சோப்பு நுரையால் சோதிக்கவும், ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவும் இல்லத்தாருக்கு அறிவுறுத்துக.