யாரும் கேளாத அழைப்பு

கணினி திடீரெனத் தளர்ந்தால் கெர்னலைப் பழிக்கிறோம். அது முறையன்று.

வட்டும் வலையட்டையும் 'இன்டரப்ட்' என்னும் அழைப்பை எழுப்புகின்றன. இன்டரப்ட் கண்ட்ரோலர் என்னும் வாயிற்காவலன் அதனைச் செயலியிடம் சேர்ப்பிக்க, கெர்னல் உரிய டிரைவரை எழுப்புகிறது. எந்த டிரைவரும் 'என்னுடையது' என ஏற்காவிடின்? லினக்ஸ் பொறுமையாக எண்ணுகிறது. 1,00,000 அழைப்புகளில் 99,900-க்கு மேல் ஏற்பாரற்றுப் போனால், 'எவரும் கவனிக்கவில்லை' என்று பதிவேட்டில் பொறித்து, அக்கம்பியையே அடைத்துவிடுகிறது. இல்லையேல் செயலி வீண் அழைப்புகளிலேயே மூழ்கிப்போகும்.

ஆனால் ஒரே கம்பியைப் பல கருவிகள் பகிர்வதுண்டு. ஐரோலியில் சர்வர்களைப் பேணும் பணியில் நான் கண்டது இதுவே: ஓர் அட்டை கூச்சலிட்டது, குற்றமற்ற வட்டு முடங்கிற்று.

என் செய்வது? கணினியை மீண்டும் தொடங்கி, 'புராக்' அடைவிலுள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பை இருமுறை பாருங்கள். எந்த எண் மலைபோல் ஏறுகிறதோ, அதுவே தடயம். மின்சாரத்தை நிறுத்தி, அக்கம்பியின் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். டிரைவரையும் பயாஸையும் புதுப்பியுங்கள். 'நோஏபிக்' என்னும் கட்டளையால் புதுவகைக் கண்ட்ரோலரை விலக்கித் தொடங்குவது நோயை அறிய உதவும், நோயைத் தீர்க்காது.

கெர்னல் கதவடைத்தால் அதைக் கடிவதா? ஓயாது தட்டியவன் யாரெனத் தேடுவதே அறிவுடைமை.