மூடியும் தண்ணீரே, குண்டும் தண்ணீரே

அமெரிக்காவில் இருக்கும் மகன் கோடை விடுமுறைக்கு ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து, அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறாராம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அம்மா பொடி வகைகளை மூட்டை கட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்திருக்கிறது. குளம் ஒன்றிலிருந்து கருஞ்சேறும் கல்லும் ஆவியும் வானத்துக்குப் பாய, மரப்பாதையில் நின்றவர்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள். ‘சூப்பர் எரிமலை விழித்துவிட்டது’ என்று கீழே எழுதியிருக்கிறது. போகலாமா, வேண்டாமா என்று கேட்கிறார் வாசகர்.

தாராளமாகப் போகலாம். வீடியோ நிஜம், வாசகம்தான் புளுகு.

2024 ஜூலை 23 காலை, பிஸ்கட் பேசின் பகுதியில் பிளாக் டைமண்ட் குளத்துக்கு அருகே நடந்தது அது. நடைபாதை நொறுங்கியது, நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பூமிக்கடியில் பாறைக்குழம்பு எதுவும் மேலேறி வரவில்லை என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் உடனே சொல்லிவிட்டது. அதிக ஆழமில்லாத இடத்தில் அடைபட்டுக் கிடந்த வெந்நீர் சட்டென்று ஆவியாகி வெடித்தது, அவ்வளவுதான். யெல்லோஸ்டோனின் கடைசிப் பெருவெடிப்பு நடந்து ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னொன்று நடக்க ஆண்டுக்கு 7,30,000-இல் ஒரு வாய்ப்பு என்று ஓர் எண் அடிக்கடி அடிபடும். அதையும் கல்லில் செதுக்கிக்கொள்ள வேண்டாம். மூன்றே மூன்று பெருவெடிப்புகள், அவற்றுக்கு நடுவே இரண்டே இடைவெளிகள். அந்த இரண்டின் சராசரியை ஆதாரமாக வைத்துச் சொல்லப்படும் கணக்கு அது.

எரிமலையை விட்டுவிட்டு, அந்தக் குடும்பம் கண்ணால் பார்க்கப்போகும் சங்கதிக்கு வருவோம். உலகத்தில் இருக்கும் கொதிநீர்ப் பீச்சூற்றுகளில் பாதிக்கு மேல் இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கின்றன, ஐந்நூற்றுக்குக் குறையாது. அவற்றில் நட்சத்திரம் ஓல்ட் ஃபெய்த்ஃபுல். ஒவ்வொரு முறையும் 14,000 முதல் 32,000 லிட்டர் வெந்நீரை 30 முதல் 55 மீட்டர் உயரத்துக்கு வீசியடிக்கும். ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு ஒன்றரை மணி நேரம்போல ஒன்றுமே நடக்காது.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் கீழே என்ன நடக்கிறது என்பதுதான் கதை.

இடம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், ஏறக்குறைய ஊட்டியின் உயரம். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமாகும். ஆகவே பொடி மூட்டையோடு குக்கரும் ஆர்.வி.யில் ஏறியிருக்கும். அதை அடுப்பில் வைத்தபடியே பேசலாம். குக்கரின் மூடியும் அதன்மேல் வைக்கும் குண்டும் ஆவியை அடைக்கின்றன, அழுத்தம் ஏறுகிறது, தண்ணீர் 120 டிகிரி வரை போயும் கொதித்துப் பொங்காமல் கிடக்கிறது. ஓல்ட் ஃபெய்த்ஃபுலின் குழாய்க்குள் 22 மீட்டர் ஆழத்துக்கு வெப்பமானியை இறக்கிப் பார்த்தபோது 118 டிகிரி காட்டியது. கிட்டத்தட்ட அதே சூடு. ஆனால் இங்கே மூடி எங்கே? மேலே நிற்கும் தண்ணீரேதான் மூடி. அதன் கனம்தான் குண்டு. ஒவ்வொரு பத்து மீட்டர் தண்ணீரும் ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்துவதால், அடியில் இருக்கும் நீர் 130 டிகிரியைத் தாண்டாமல் கொதிக்க முடியாது.

குக்கருக்கு ரப்பர் வளையம் வேண்டுமே? அதுவும் உண்டு. இங்குள்ள ரையோலைட் பாறையில் சிலிக்கா மிகுதி. வெந்நீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலேறி, ஆறும்போது குழாயின் சுவரில் பூசிவிட்டுப் போகிறது. விரிசல்கள் அடைபட்டு, அழுத்தம் தாங்கும் குழாய் கிடைக்கிறது. சூடும் நீரும் எத்தனையோ ஊர்களில் உண்டு. இந்தப் பூச்சும் குறுகலான குழாயும் சேர்ந்து அமைவதுதான் அபூர்வம். 1990-களில் உள்ளே கேமராவை இறக்கியவர்கள், சுமார் ஏழு மீட்டர் ஆழத்தில் குழாய் ஒரு சாண்கூட இல்லாமல் பத்து சென்டிமீட்டராகக் குறுகுவதைப் பார்த்தார்கள்.

இப்போது ஆவி அடங்காத குக்கரை அவசரக்காரர் ஒருவர் நெம்பித் திறந்தால் என்ன ஆகும்? பருப்பு கூரையில் இருக்கும். அதற்குப் புதிதாகச் சூடு எதுவும் தேவைப்படவில்லை. அழுத்தம் இறங்கியதே போதும். ஊற்றிலும் அதேதான். அடியிலிருந்து ஆவிக்குமிழிகள் ஏறி, மேல்பகுதி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டுவருகின்றன. கடைசியில் ஒரு கொத்துக் குமிழி வாய்விளிம்பில் சில வாளித் தண்ணீரைத் தெளித்துத் தள்ளுகிறது. பார்வையாளர்கள் இதைத்தான் ‘ஆரம்பிச்சாச்சு’ என்று நினைத்து போனைத் தூக்குவார்கள், பலமுறை ஏமாறுவார்கள். ஆனால் சரியான தருணத்தில் அந்தச் சில வாளிகள் வெளியேறினால், மூடியின் கனம் அந்த அளவுக்குக் குறைகிறது. கீழே இருக்கும் நீர் இப்போது கொதிக்கலாம். கொதித்து மேலும் தண்ணீரைத் தள்ளுகிறது. கனம் மேலும் குறைகிறது. அதற்கும் கீழே இருப்பது கொதிக்கிறது. பீச்சல் மேல்நோக்கிப் போகிறது, அதைக் கிளப்பும் கொதிப்பு கீழ்நோக்கி இறங்குகிறது.

118 டிகிரி நீர் 93-க்கு இறங்கும்போது நூற்றில் நான்கைந்து பங்குதான் ஆவியாகும். அது போதும். அவ்வளவு ஆவியே மொத்தத்தையும் நூறு மடங்குக்குப் பக்கத்தில் ஊதிவிடும். குறுகிய குழாயில் அதற்கு மேலே போவதைத் தவிர வேறு வழி கிடையாது. பிளாக் டைமண்டில் நடந்ததும் இதன் கெட்ட வடிவம்தான்: வழி அடைபட்ட குக்கர்.

வரலாறு கேட்பவர்களுக்காக: இந்தக் கொதிநிலைக் கணக்கை முதலில் போட்டவர் ராபர்ட் புன்சன், பள்ளிக்கூட ஆய்வகத்தின் புன்சன் பர்னர்காரர்தான். 1846-இல் ஐஸ்லாந்துக்குப் போய் அங்குள்ள ஊற்றுக்குள் வெப்பமானியை இறக்கினார். அவருக்கு முன்பே ஜார்ஜ் மெக்கன்சி என்பவர், பூமிக்கடியில் பக்கவாட்டு அறை ஒன்றில் ஆவி சேர்ந்து தள்ளுகிறது என்று சொல்லியிருந்தார். புன்சனின் நேர்க்குழாய் எளிமையாக இருந்ததால் மெக்கன்சியின் அறையை மறந்துவிட்டார்கள். 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக ரஷ்யாவின் காம்சட்கா ஊற்றுகளுக்குள் கேமராவை இறக்கிய ஆய்வாளர்கள் பார்த்தது அதே பக்கவாட்டு அறைகளை! ஆவி அங்கே பதுங்கியிருந்து, நிரம்பியதும் கொத்துக் கொத்தாகக் குமிழிகளை அனுப்புகிறது. கொதிநிலைக் கணக்கு பொய்யாகவில்லை, நேர்க்குழாய்க்குத்தான் அடி.

‘மணி அடித்தாற்போல் வரும் ஊற்று’ என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் எழுதுவதையும் நம்ப வேண்டாம். மணிக்கணக்கெல்லாம் அதற்கு இல்லை. பீச்சல் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்தால் குழாய் அரைகுறையாகத்தான் காலியாகியிருக்கும். சீக்கிரம் நிரம்பி, ஒரு மணி நேரத்தில் மறுபடி வரும். நீண்ட பீச்சல் என்றால் ஒன்றரை மணி நேரம்போல ஆகும். பூங்காக் காவலர்கள் நேரம் குறிப்பதும் இப்படித்தான், பத்து நிமிடம் முன்பின்னாக. நில அதிர்வு வந்தால் இந்த இடைவெளியும் மாறும். 1959, 1983 நிலநடுக்கங்களுக்குப் பிறகு காத்திருப்பு நீண்டது. ஊற்றின் மேட்டில் கிடைத்த, சிலிக்கா ஏறி இறுகிய மரத்துண்டுகளின் வயதைக் கணித்து 2020-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சி நிலவியபோது ஊற்று பல பத்தாண்டுகள் வாயே திறக்கவில்லை. கொதிநீர் கொட்டும் இடத்தில் மரம் முளைக்காதல்லவா?

போகிறவர்களுக்கு நடைமுறைத் தகவல். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பக்கத்தில் வண்டியோடு இரவு தங்கும் முகாம் கிடையாது. அருகில் இருப்பது 26 கி.மீ. தள்ளி மாடிசன் முகாம். அங்கே மின் இணைப்பு இல்லை. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு வேண்டுமென்றால் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடி நடமாடும் இடம் என்பதால் துணிச்சுவர் வண்டிகளை அங்கே விடமாட்டார்கள். முன்பதிவையும் கடைசி நிமிடத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. சாலையில் காட்டெருமைக் கூட்டம் நின்றால் அது நகரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். மரப்பாதையை விட்டு ஓரடிகூட இறங்கக் கூடாது. பேரன் கையை விடவே கூடாது. சில இடங்களில் தரை என்று தெரிவது மெல்லிய ஏடுதான், அடியில் கொதிநீர்.

நேரம் இருந்தால் நாரிஸ் பக்கம் ஸ்டீம்போட் ஊற்றையும் எட்டிப் பார்க்கலாம். இயங்கும் ஊற்றுகளில் உலகிலேயே உயரமானது; பெரிய பீச்சல் 90 மீட்டரைத் தாண்டும். 1911-க்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் பெரிதாக எதுவும் செய்யாமல் இருந்தது. 2019-இல் ஒரே ஆண்டில் 48 முறை பீச்சியது. அதற்கு நேரம் குறித்துக் கொடுக்கக் காவலர்களே முயல்வதில்லை. வண்டி நிறுத்துமிடம் சிறியது, ஆர்.வி.யோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.