அப்பாவின் காலுக்குள் ஒரு பாட்டரி



குத்தம்பாக்கத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. அதற்குள் ஆறு ஓட்டை போட்ட ஸ்டீல் பட்டை ஒன்று. விபத்தில் எலும்பு முறிந்த அப்பாவின் காலுக்குள் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த பிளேட் அது. வலியும் வீக்கமும் வந்ததால் எடுத்தார்கள். எடுக்கும்போது ஒரு ஸ்க்ரூ உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. டாக்டர் இங்கிலீஷில் ஏதோ விளக்கினார். வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான் என்பதால் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குப் பிடிபட்டது ‘கரோஷன்’ என்ற ஒரே வார்த்தைதான்.

“ஏன்டா, துருவே புடிக்காதுன்னுதானே சொன்னாங்க?” என்று கேட்டார் அப்பா.

அன்றைக்கு முழித்தேன். இன்றைக்குச் சொல்கிறேன்.

உடம்புக்குள் இருக்கும் நீர் ஏறக்குறைய 0.9 சதவீத உப்புத் தண்ணீர் மாதிரி. வெப்பம் 37 டிகிரி. அதில் உலோகத்தை வைத்தால் அதன் அணுக்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரையப் பார்க்கும். கெமிஸ்ட்ரி லேபில் செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் வைத்துச் செய்தோமே, அதே சமாச்சாரம்தான். 316எல் ஸ்டீலைக் காப்பாற்றுவது அதிலுள்ள சுமார் 17 சதவீத குரோமியம். அது மேலே ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. கனம் சில நானோமீட்டர்தான்!

ஸ்க்ரூவின் தலை பிளேட்டில் உட்காரும் இடத்தில் நடக்க நடக்க உரசல். படலம் கிழிகிறது. அந்த இடுக்கில் ஆக்சிஜன் போதாததால் கிழிந்தது சரியாக மூடுவதில்லை. ஆக்சிஜன் கிடைக்கும் வெளிப்பக்கம் கேத்தோடு, இடுக்கு ஆனோடு. ஒரே உலோகத்துக்குள் ஒரு பாட்டரி! கரைந்து வரும் நிக்கல், குரோமியம் அயனிகள் சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கலாம். அப்பாவின் பிளேட்டிலும் ஓட்டைகளைச் சுற்றித்தான் பழுப்புக் கறை.

மின்னூட்டம் எப்போதும் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். டைட்டானியத்தின் ஆக்சைடு படலம் உடம்புக்குள் லேசான எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். அது நேர்மின் கால்சியம் அயனியை இழுக்க, கால்சியம் பாஸ்பேட்டை இழுக்க, எலும்பின் தாதுவே அங்கே படிய ஆரம்பிக்கிறது. எலும்பில் இருப்பதும் கால்சியம் பாஸ்பேட்தானே! ஹைட்ராக்சி அபடைட் என்று அதற்குப் பெயர். 1996-ல் ஜப்பானில் அந்தப் பீங்கானுக்கு மின்னூட்டம் கொடுத்து, உடல்நீர் போன்ற கரைசலில் வைத்துப் பார்த்தார்கள். எதிர்மின் பக்கம் எலும்பு போன்ற படிகம் வேகமாக வளர்ந்தது. நேர்மின் பக்கம் வளர்ச்சி மந்தப்பட்டது.

நம் ஊர்ப் பக்கமும் வேலை நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தாரும் இதே 316எல் ஸ்டீல் மேல் அபடைட் பூசி, 2003-ல் ஆய்வை வெளியிட்டார்கள். அபடைட் தூளை ஆல்கஹாலில் கலக்கினால் துகள்கள் நேர்மின்னூட்டம் பெறும். ஸ்டீலைக் கேத்தோடாக வைத்து கரண்ட் கொடுத்தால் போய் ஒட்டிக்கொள்ளும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நிக்கல் பிளேட்டிங் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பிறகு சூளையில் சுட்டு இறுக்க வேண்டும்.

சரி, உள்ளே நிற்கும் அரை ஸ்க்ரூ? அதைத்தான் அப்பா தினமும் கேட்கிறார். பிளேட் போய்விட்டதால் அந்த இடுக்கும் இல்லை, உரசலும் இல்லை. அரிப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். வலித்தால் மறைக்காமல் சொல்லணும், எக்ஸ்ரே எடுக்கணும் என்றும் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு, “அந்தப் பட்டையை எடைக்குப் போட்டா என்னடா கிடைக்கும்?” என்கிறார்.