குருவி வீட்டுக் கணக்கு

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிக் கடலோரச் சாலையில் செல்லும் நேயர்கள் பொம்மையார்பாளையத்தில் சற்றே நின்று பார்க்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே செம்மண் மேடு, இடையிடையே பனைகள். பனையோலை நுனியில் தூக்கணாங்குருவி கூடு கட்டித் தொங்கவிடும் விந்தையை அறியாத தமிழர் யார்? ஆனால், "உங்கள் ஊரில் இவ்வாண்டு எத்தனை கூடுகள்?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

கூட்டை எண்ணுவது எளிது. குடும்பத்தை எண்ணுவதுதான் கடினம். பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில், 1930-ஆம் ஆண்டு ஸலீம் அலி பொறுமையாக உட்கார்ந்து இந்தக் குருவிகளின் குடித்தனத்தைக் கவனித்தார். ஆண்குருவி பாதிக் கூடு முடைந்ததும் பெண்குருவி வந்து பார்வையிடும். பிடித்தால் குடியேறும். பிடிக்காவிட்டால் கூடு அரைகுறையாகவே நிற்கும். குடியேற்றம் முடிந்த பிறகு ஆண்குருவி அடுத்த கூட்டைத் தொடங்கும், வேறொரு பெண்ணுக்காக! ஆகவே, குழல் போன்ற வாசல் முற்றுப்பெற்ற கூடு எது, பாதியில் விட்டது எது என்று பிரித்து எழுதினாலன்றிக் கணக்குச் சரிவராது.

நமது தேசத்தில் இத்தகைய கணக்குக்கு வழி காட்டியவர்களுள் ஒருவர், 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த ஹ்யூம் துரை என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1872 முதல் பறவைகளுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தி, நாடெங்கும் உள்ள அன்பர்களின் குறிப்புகளைத் திரட்டினார். பல்லாண்டு உழைப்பில் சேர்ந்த அவரது கையெழுத்துப் பிரதிகளோ ஸிம்லாவில் பழைய காகித விலைக்குப் போயின! மனமுடைந்த அவர் பறவை ஆராய்ச்சியையே கைவிட்டார்.

அன்று எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள். இன்று எண்ணுகிறவர்கள் நம் மாணவர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் கால் மணி நேரமாவது இருந்து, கண்ட பறவைகளையெல்லாம் இணையப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். கூலியில்லை, பட்டமில்லை.

இத்தொண்டின் பயன் என்ன? முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அன்பர்களின் குறிப்புகளைக்கொண்டு 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வெளியாயிற்று. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்து வந்திருக்கின்றன என்று அது எச்சரித்தது. எண்ணாமல் இருந்திருந்தால் இந்த நஷ்டம் நமக்குத் தெரிந்தே இராது!

பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே, வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. பரப்பு ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். அதே ஆண்டில், பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்றும் அரசு அறிவித்தது. சட்டம் நல்லதே. எனினும், எந்தப் பனையில் எத்தனை குஞ்சுகள் வளர்கின்றன என்பதைச் சர்க்கார் அறியுமா? பக்கத்து வீட்டுக்காரரல்லவா அறிவார்!

ஒரு வேண்டுகோள். கூட்டைத் தொடாதீர்கள், மரத்தில் கல்லெறியாதீர்கள். தரையில் முட்டையிடும் ஆள்காட்டி தலைக்குமேல் அலறினால், வந்த வழியே திரும்புங்கள். தூரத்தில் நின்று தேதியும் இடமும் எண்ணிக்கையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே மரத்தடிக்குப் போங்கள். வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதும் நம் குடும்பங்கள், வாசலில் குடியிருக்கும் குருவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாகாதா?