மின்னஞ்சலையும் காப்போம்

தாத்தாவின் கடிதங்களைப் பாட்டி தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து அப்பா எழுதும் மின்னஞ்சல்களை நாம் எங்கே பூட்டுவது?

"கணினியில்தான் தெரிகிறதே!" என்போம். அது போதாது. ஐமேப் முறையில் சேவையகத்தில் அழிந்த அஞ்சல் நம் கணினியிலிருந்தும் மறைந்துவிடும். 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்றால் ஜிமெயில் பயனர் பலரின் அஞ்சல்கள் மறைந்தன. காந்த நாடாக்களில் தனிப் பிரதி இருந்ததால் கூகுள் அவற்றை மீட்டுத் தந்தது.

வீட்டிலும் இதுவே வழி. தண்டர்பேர்ட் என்னும் இலவச மென்பொருளில், முக்கியமான அஞ்சல்களை முதலில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதியில் பிரதி எடுக்க வேண்டும். அங்குள்ளவை சேவையகத்தைச் சார்ந்தவை அல்ல. பின்பு மென்பொருளை மூடிவிட்டு, 'புரொஃபைல்' கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் பதிய வேண்டும். கடவுச்சொற்களும் அதில் இருக்கக்கூடுமாதலால் அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும்.

கணினி பழுதானால், வேறொன்றில் தண்டர்பேர்டை நிறுவி, அக்கோப்புறையைப் பதித்து, புரொஃபைல் மேலாளரில் அதைத் தேர்ந்தெடுத்தால் அஞ்சல்கள் மீளும்.

ஆனால் ஒன்று. பழுதாகும் வரை காத்திராமல், ஒருமுறை மீட்டுப் பார்த்துவிட வேண்டும். திறந்து பாராத பிரதி, சாவி தொலைந்த பெட்டிக்கு ஒப்பாகும். பாட்டி தம் பெட்டியை அடிக்கடி திறந்து பார்ப்பதன் பொருள் இப்போது நமக்கு விளங்குகிறது அல்லவா?