கன்னிமூலையில் பூஜ்யம்

குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து கிளம்பப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட். உயரம் 34 மீட்டர், குறுக்களவு 2 மீட்டர். அந்த இரண்டு எண்களை வைத்து ஸ்கெட்ச்அப் மென்பொருளில் அதை வரைந்து பார்த்தேன். திரையில் நின்றது பாதி தேய்ந்த பென்சில். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் தூணாகப் பெருத்தது. திருப்பி உருட்டினால் தீக்குச்சியானது.

பக்கத்தில் 60 அடிப் பனை ஒன்றை நட்டேன். அதன் பக்கத்தில் மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம், 192 அடி. எங்கள் சாத்தான்குளத்துக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரு பனைமேல் இன்னொரு பனையை வைத்தால் ராக்கெட் அதற்குக் கொஞ்சம் குட்டை; கோபுரத்தில் பாதியைச் சற்றே தாண்டும். ஸ்கெட்ச்அப்பில் புதிய கோப்பைத் திறந்ததும் ஒரு ஆள் நிற்பது இதற்காகத்தான். துணைக்கு ஒன்று நிற்காமல் கண்ணுக்கு அளவு பிடிபடாது.

கணினியில் வரையப் பழகுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் 'ஸ்கேல்'. திரை சின்னது என்பதால் வீட்டையும் சுருக்கியே வரைந்துவிடுகிறார்கள். கூடாது. உள்ளே எல்லாம் அசல் அளவு. 34 மீட்டர் என்றால் 34 மீட்டர். தாளில் அச்செடுக்கும்போதுதான் சுருக்க வேண்டும். 1:100 என்று வைத்தால் ராக்கெட் 34 சென்டிமீட்டர், 29.7 சென்டிமீட்டர் நீளமுள்ள ஏ4 தாளில் அடங்காது, ஏ3 எடுக்க வேண்டும்.

அடுத்தது அலகு. முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் எண் மட்டும் இருக்கும். அது இஞ்சா மில்லிமீட்டரா என்ற குறிப்பு இருக்காது. ஏழடி நிலை 84 இஞ்ச். வாங்குகிற மென்பொருள் அதை 84 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் வாசல் ஒரு விரல் உயரத்துக்கு வரும். எதைத் திறந்தாலும் 25.4 மடங்கு சிறுத்தோ பெருத்தோ நின்றால் காரணம் இதுதான்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது மூன்றாவது. சர்வே வரைபடங்களில் ஓர் இடத்தின் வடக்குத் தூரத்தை நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணும் முறை உண்டு. சாத்தான்குளம் அங்கிருந்து சுமார் 933 கிலோமீட்டர். ஒரு வீட்டை அந்த எண்ணோடு மில்லிமீட்டரில் வரைந்தால் ஒவ்வொரு மூலையும் 93 கோடிக்குமேல் போகும். படத்தைத் திரையில் காட்டும் கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் ஏறக்குறைய ஏழு இலக்கம்வரைதான் சரியாகப் பிடித்துவைக்கும். 93 கோடியில் அதனால் வைக்க முடிந்த அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 64 மில்லிமீட்டர் இடைவெளி! நம் ஒன்பது இஞ்ச் சுவர் சுமார் 230 மில்லிமீட்டர். திரையில் அது 192 ஆகவோ 256 ஆகவோதான் நிற்க முடியும். படத்தை நகர்த்தும்போது கோடுகள் நடுங்குவதும் இதனால்தான். இஞ்சுக்கு எட்டு நூல் என்று அளக்கிற ஆசாரியின் கணக்கில் 64 மில்லிமீட்டர் என்பது இருபது நூல். ஒரு நூல் பிசகினாலே கதவு நிலையில் உரசும்.

கிழக்குத் தூரத்திலும் ஒரு வேடிக்கை. பூமியை ஆறு ஆறு பாகையாகப் பிரிக்கும் அந்த முறையில், 78 பாகைக் கோடு சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே ஓடுகிறது. கோட்டின் மேற்கே சுமார் 830 கிலோமீட்டர் என்றிருக்கும் எண், தாண்டியதும் 170க்குக் குதிக்கும். சாத்தான்குளத்திலிருந்து குலசேகரப்பட்டினத்துக்குப் போகும் சாலையை வரைபவர் இதைக் கவனிக்காவிட்டால் சாலை நடுவில் அறுந்துபோகும்.

இருபது நூல் பிசகுக்கு மருந்து நம் கொத்தனாரிடம் இருக்கிறது. அவர் நிலநடுக்கோட்டிலிருந்து அளப்பதில்லை. மனையின் தென்மேற்கில், கன்னிமூலையில் முளையடித்து, அங்கிருந்து கிழக்கேயும் வடக்கேயும் கயிறு பிடிக்கிறார். மென்பொருளின் பூஜ்யத்தையும் அந்த முளையிலேயே வைக்க வேண்டும். அதன் இரண்டு அச்சுகளும் கிழக்கேயும் வடக்கேயும்தான் ஏறுகின்றன. ஒரு மூலைகூடக் கழித்தல் எண்ணில் விழாது. ஊர் எங்கே இருக்கிறது என்ற பெரிய எண்ணைத் தனியாக ஒருமுறை குறித்துவைத்தால் போதும். நாற்பது அடி வீட்டின் கோடி மூலை இப்போது 12,192 மில்லிமீட்டர். அந்த இடத்தில் அதே கார்டு வைக்கும் புள்ளிகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் 1,024இல் ஒரு பங்கு.