உல்ம் நகரத்து அன்ஷூட்ஸ் துப்பாக்கிகள்



பனிச்சறுக்கில் விரைந்து வந்து, மூச்சிரைக்க நின்று, 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். குளிர்கால ஒலிம்பிக்கின் 'பயத்லான்' போட்டி இது. படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் வெறும் 45 மில்லிமீட்டர்! இதில் பெரும்பாலான முன்னணி வீரர்கள் முதுகில் சுமப்பது, 'அன்ஷூட்ஸ்' என்ற ஜெர்மன் குடும்ப நிறுவனத்தின் துப்பாக்கி.

1856-இல் துரிங்கியா பகுதியின் மேலிஸ் என்ற ஊரில் யூலியஸ் காட்ஃபிரீட் அன்ஷூட்ஸ் தொடங்கிய பட்டறை, பின்னர் தொழிற்சாலையாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அப்பகுதி சோவியத் ஆளுகைக்குள் போனது. குடும்பம் ஆலையை இழந்தது. ஆனாலும் தளரவில்லை. மேற்கு ஜெர்மனிக்கு இடம்பெயர்ந்து, 1950-இல் உல்ம் நகரில் மீண்டும் தொழிலைத் தொடங்கினார்கள்.

அங்கே போட்டித் துப்பாக்கிகளில் பெயர் பெற்றார்கள். அவர்களின் பயத்லான் துப்பாக்கியில், ஆள்காட்டி விரலால் பின்னே இழுத்துக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் போதும், அடுத்த தோட்டா தயார். பிடியைத் தளர்த்த வேண்டியதில்லை, நொடிகளும் மிச்சம்.

ஆலை பறிபோகலாம், தலைமுறையாகக் கற்ற தொழில் பறிபோகாது. அன்ஷூட்ஸ் குடும்பத்தின் வரலாறே அதற்குச் சான்று.